முனிரத்தினம் அண்ணன் நெசவாளர் இல்லை

அண்ணன் இறந்த செய்தி எனக்குத் தப்பாகத்தான் வந்து சேர்ந்தது. சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில் மணவூரைத் தாண்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் அவர் படம், அதற்கு ஒரு மாலை, கீழே ஒரு வரி: "தறி ஓசையில் ஜாஸ் இசையைக் கண்டெடுத்த திருத்தணி நெசவாளர் முனிரத்தினம் காலமானார்." யாரோ யாருக்கோ அனுப்பி, ஊரெல்லாம் சுற்றிவிட்டு என்னிடம் வந்திருந்தது. அவர் மகளுக்குப் போன் போட்டேன். "ஆங் மாமா, நைனா போயிட்டாரு. காபி குடிச்சிகினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு" என்றாள். அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர் ரயிலுக்குக் காத்திருந்தேன். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த ஒரு வரியில் ஊரையும் பேரையும் சாவையும் தவிர எதுவும் உண்மை இல்லை.

நம் இதழைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரக்கோணம் ரயில் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரயில்வே குடியிருப்பு ஆங்கிலோ இந்தியர்களின் நடன விருந்துகளில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் கேட்டுப் பித்துப் பிடித்துப்போனார். அந்த வாத்தியக்காரர்கள் யார், சென்னை ஓட்டல்களில் யாரோடு வாசித்தார்கள், பிறகு சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் எப்படிப் பெயரே இல்லாமல் கரைந்துபோனார்கள் என்று தேடித் தேடி ஒரு புத்தகமாக எழுதினார். அதுதான் அவர் வாழ்நாள் வேலை. அந்தப் புத்தகத்தை முடித்தும் வைத்திருந்தார்.

எங்கள் அறிமுகமே ஒரு சண்டைதான். ஒரு ஜாஸ் இசைத்தட்டைப் பற்றி "மனதை உருக்கும் இசை" என்று இதழில் எழுதியிருந்தேன். மறுநாள் தாலுகா அலுவலகத்தில் என் மேஜைக்கு முன்னால் ஒரு ஆள் வந்து நின்றார். "எந்த இடத்துலபா உருகுச்சி உனக்கு?" என்றார். பட்டா வாங்க நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லி, அதே தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார். "நல்லா கீதுன்னு சொல்றதுக்கு நீ இன்னாத்துக்கு? அங்க இன்னா நடக்குதுன்னு சொல்லு." எனக்கு ஒன்றும் புரியவில்லை, கோபம்தான் வந்தது. கடைசியில்தான், டிரம்பெட் தாளத்தோடு ஒட்டாமல் வேண்டுமென்றே கொஞ்சம் பின்தங்கி வருவதும், அதனால் அடுத்த சுரத்துக்கு நாம் தவித்துப்போவதும் காதில் விழுந்தது. சொன்னேன். "ஆங், இப்ப எழுது" என்று எழுந்து போய்விட்டார்.

நாக்கை அடக்கத் தெரியாத மனிதர். சென்னையில் ஒரு இசைக் கூட்டத்துக்கு அவரைப் பேச அழைத்திருந்தார்கள். தலைமை தாங்கியவர், "ஜாஸ் என்ன, நம்ம கர்நாடக சங்கீத மனோதர்மம்தானே" என்று பெருந்தன்மையாக முடித்து வைத்தார். அண்ணன் ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டார். "அது அது, இது இது. ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றவரு ரெண்டையுமே கேக்கலன்னு அர்த்தம்." அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு அழைப்பும் இல்லை. எனக்குத்தான் மானம் போனது. அவரோ திரும்பும் ரயிலில், "சாம்பார் சாதம் நல்லாத்தான் போட்டாங்கபா" என்றார்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒருமுறை மசிந்துகொடுத்தார், அது ஆயுளுக்கும் துரத்தியது. அவர் எழுத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லி ஒரு நிருபரும் புகைப்படக்காரரும் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் இருந்த விசைத்தறியைப் பார்த்ததும் அவர்கள் முகம் மலர்ந்துவிட்டது. "சார், தறி பக்கத்துல நின்னு கைய வைங்க." வந்தவர்கள் மனம் நோகக் கூடாதே என்று நின்றார். எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் எதையோ பிடித்து இழுக்க, நெடுக்கே ஓடும் பாவு இழைகள் கொத்தாக அறுந்தன. உள்ளேயிருந்து ஓடிவந்த அண்ணி, "அறிவு கீதா உங்களுக்கு?" என்று வந்தவர்கள் முன்னாலேயே பிடிபிடியென்று பிடித்தார். படம் மட்டும் அழகாக வந்தது. கட்டுரையில் தறி இருந்தது, வறுமை இருந்தது, மலைக்கோயில் மணிகூட இருந்தது. அவர் தேடிக் கண்டுபிடித்த ஒரு வாத்தியக்காரர் பெயர்கூட இல்லை.

அன்று பிடித்த சனி. புத்தகத்தோடு எந்தப் பதிப்பகத்துக்குப் போனாலும், "இதை யார் சார் வாங்குவாங்க? தறியில உட்கார்ந்து ஜாஸ் கேட்ட உங்க கதைய எழுதுங்க, அது போகும்" என்றார்கள். "எங்கதையில இன்னா கீது? பார்சல் கட்டினேன், வீட்டுக்கு வந்தேன்" என்பார். மறுப்பு வரும்போதெல்லாம் இரண்டு நாள் பேனாவையே தொடமாட்டார். பிறகு மறுபடியும் ஒரு அத்தியாயத்தைத் திருத்த உட்கார்ந்துவிடுவார்.

காரியம் முடிந்த வாரம் ஒரு பதிப்பாளரே என்னைக் கூப்பிட்டார். செய்தி பரவியிருந்ததல்லவா, இப்போது அவருக்குப் புத்தகம் வேண்டுமாம். தலைப்பில் தறி வர வேண்டும், அட்டையில் அந்தப் படம், நான் எழுதும் முன்னுரையில் தறிக் கதை. சரி என்றால் உடனே அச்சுக்குப் போகும். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதையும் விட்டால் அது வெளியே வரவே வராது. அண்ணியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நான் போனபோது தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் கத்திச் சொன்னது அண்ணிக்கு எட்டவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு, "இப்ப சொல்லுங்க, இன்னாவாம்?" என்றார். சொன்னேன்.

"தறி ஓட்டினது நானு. எங்கப்பா குடுத்த தறி இது. செத்தும் என் தறியத் தூக்கிகினு போறாரா அந்த மனுஷன்?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தச் சத்தத்துல அவரு இன்னாத்தக் கேட்டாரு? சாயங்காலம் வேலைலேந்து வந்து வாசப்படில நிப்பாரு. நிறுத்துன்னு வாயத் தொறந்து சொல்லமாட்டாரு. நான் பார்த்துட்டு நிறுத்துவேன். அப்பறம்தான் ரெக்கார்டு போடுவாரு. புடவை ஏன் லேட்டாவுதுன்னு முதலாளி கேட்டா, கரண்டு இல்லன்னு பொய் சொல்லுவேன்."

தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே போய்வந்த எனக்கு இது தெரியாது. "அதையாவது முன்னுரைல எழுதட்டுமா அண்ணி?" என்றேன்.

"வேணாம். புஸ்தகம் என்னப் பத்தியா? அவரப் பத்தியா? வாத்தியம் வாசிச்சவங்களப் பத்திதானே. அவங்க பேரு வரட்டும். பொய்யி இல்லாம வரட்டும். இல்லன்னா நான் அத்தினி வருஷம் தறிய நிறுத்தினது எதுக்கு?"

பதிப்பாளரிடம் அப்படியே சொன்னேன். "அப்படின்னா கஷ்டம் சார்" என்று போனை வைத்துவிட்டார். புத்தகத்தில் எழுதக் கூடாது என்றுதான் அண்ணி சொன்னார், இதழில் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதிவிட்டேன், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணனைத் தெரிந்தவர்கள் பலரும் போன் செய்து "அருமையான மனிதர்" என்கிறீர்கள். இருக்கட்டும். அவர் புத்தகத்தில் யார் இருக்கிறார்கள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேளுங்கள். எத்தனையோ முறை படித்துத் திருத்திக் கொடுத்ததில் எனக்கு எல்லாம் மனப்பாடம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். டெரிக், டிரம்பெட். லியோ, சாக்ஸபோன். ஆரோக்கியசாமி, டபுள் பாஸ். மார்ட்டின், டிரம்ஸ். இன்னும் இருக்கிறார்கள்.