பெரியக்கா கேட்ட ஒரு மாதம்

பெரியக்காவை நினைத்தால், எங்கள் இரத்தப் பரிசோதனை நிலையத்தின் பின்பக்கக் குழாயடியில் குனிந்து நின்று, தன் வெள்ளை மேலங்கியின் மார்புப் பக்கத்தை அவர் தேய்த்துக் கழுவிய காலைதான் முதலில் வருகிறது. முன்னால் இருபது பேர் வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள். அரியாலையில் வீட்டில் இருந்த அவருடைய குழந்தை பால் குடிக்கும் நேரம் அது. பால் சுரந்து மேலங்கிவரை நனைந்திருந்தது. என்னைக் கண்டதும் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டார். தான் அழும் சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது என்றுதான்.

யாழ்ப்பாண நகரில் உள்ள அந்தத் தனியார் நிலையத்தில் நான் அலுவலக வேலை பார்த்தேன், இன்றும் பார்க்கிறேன். கடிதங்கள், லீவுப் படிவங்கள், புதிய ஆட்களை எடுப்பது எல்லாம் என் மேசையில்தான். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர் என்பதால் அவர் பெரியக்கா. வற்றிப்போன முதியவர்களின் கையிலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவார். "அந்த அக்கா குத்தினால் நோகாது, அவவைக் கூப்பிடுங்கோ" என்று வாசலிலேயே அடம்பிடிப்பவர்கள் இருந்தார்கள். கலியாணமாகிப் பதினோரு வருடம் கழித்து அவர் கருவுற்றபோது, முதலாளியே எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

குழந்தை ஏழு மாதம் நிறைய முன்பே பிறந்துவிட்டது. சட்டம் தந்த எண்பத்து நான்கு நாள் லீவின் பெரும்பகுதியை, பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளையைப் பார்த்தபடி பெரியக்கா கழித்தார். கை கழுவி, கவசம் கட்டி, விரல் நுனியால் தொட மட்டுமே விட்டார்களாம். பிள்ளை வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் லீவு முடிந்தது. பெரியக்காவின் அம்மா உயிரோடு இல்லை. மாமியார் கனடாவில் மகளோடு. ஓட்டோ ஓட்டும் கணவர் ஓட்டத்தை விட்டுவிட்டுப் பிள்ளையோடு இருந்தார். பால் கொடுப்பதற்கும் சட்டத்தில் இடைவேளை உண்டு, முதலாளி அதையும் மறுக்கவில்லை. ஆனால் காலை ஆறரை மணிக்கே சனம் வந்து நிற்கும் இடத்தில், வரிசையை விட்டு அவரால் எப்போது அரியாலைக்குப் போய் வர முடியும்?

வேலைக்குத் திரும்பிய பதினோராம் நாள் அவர் முதலாளியின் அறைக்குள் போனார். படிவத்தோடு நானும் நின்றேன்.

"சம்பளம் வேண்டாம் சேர். ஒரு மாசம் தாங்கோ. இல்லாட்டி மத்தியானம் வரைக்கும் வாறன். பிள்ளை இன்னும் ரெண்டு கிலோதான்."

முதலாளி கெட்டவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கதைத்தார். "தங்கச்சி, சட்டத்திலை உள்ள ஒண்டையும் நான் மறுக்கேல்லை. அதுக்கு மேலை எனக்கு ஏலாது. உமக்குத் தந்தால் நாளைக்கு எல்லாரும் கேப்பினம்."

பெரியக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தேன். காரணம் எழுதும் இடத்தில் சுகவீனம், சொந்த அலுவல், பிரசவம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. குறைமாதத்தில் பிறந்து பிழைத்துவந்த பிள்ளைக்கு அதில் கட்டம் இல்லை. அவருடைய விலகல் கடிதத்தை அன்று மத்தியானம் நான்தான் தட்டச்சு செய்தேன்.

அடுத்த கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார். "இனிக் கலியாணம் கட்டின பிள்ளையளை எடுக்க வேண்டாம். கட்டப்போற ஆக்களெண்டாலும் யோசியும்." அது எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. கலியாணம் ஆயிட்டுதோ என்று நேர்முகத்தில் நான் கேட்கும் ஒரு கேள்வியாக மட்டும் இருந்தது. எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகளின் விண்ணப்பங்களை அந்தக் கேள்விக்குப் பிறகு மூடி வைத்திருக்கிறேன்.

பெரியக்காவை ஆறு வருடம் கழித்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் கண்டேன். மகள் தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு கையைப் பிடித்து நின்றாள். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு பெரியக்கா நாலைந்து ஆய்வுகூடங்களில் வேலை கேட்டாராம். இத்தனை வருடம் ஏன் வேலை செய்யவில்லை என்றுதான் எல்லாரும் கேட்டார்களாம். இப்போது ஒரு கடையில் மிளகாய்த்தூள் பொதி கட்டுகிறார். "இனிக் கூப்பிட்டாலும் ஏலாதடி, கை மறந்து போச்சு," என்று சிரித்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். மழை வரப் போகுது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

போன மாதம், அளவெட்டியிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி என் மேசையில் ஒரு கடிதத்தை வைத்தாள். எங்கள் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமும் சொச்சமும். சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறாள். முகம் வெளிறியிருந்தது.

"மூண்டு மாசம் அக்கா," என்றாள் மெதுவாக.

எனக்குப் பதற்றமாகிவிட்டது. "ஏன் விடுறீர்? உமக்கு லீவு இருக்கு, சட்டம் இருக்கு. நான் சேரோடை கதைக்கிறன்," என்றேன். அன்று பெரியக்காவுக்காகச் சொல்லாததை இவளிடம் சொல்லிவிட்டதாக ஒரு கணம் நினைத்தேன்.

"என்னெண்டு அக்கா கேக்கிறது? அப்பவே கலியாணம் முடிஞ்சிட்டுது, ஆகேல்லை எண்டு சொல்லித்தானே சேர்ந்தனான்." அவள் குரலில் கோபம் இல்லை. "நீங்கள்தானே கேட்டனீங்கள்."

பிறகு, கடிதத்தில் எழுத்துப் பிழை இருக்கிறதா பார்க்கச் சொன்னாள். ஒரு இடத்தில் இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.