வலது காதுக்கு ஒரு ஸ்பீக்கர்

அக்காவின் இடது காது ஒரு காலையில் கேட்காமல் போயிற்று. முந்தின நாள் வரை ஒரு தொந்தரவும் இல்லை. எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தவள், காதில் தண்ணீர் போய் அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றாள். தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பிப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது அடைப்போடு ஓர் இரைச்சலும் சேர்ந்திருந்தது. குக்கரில் ஆவி கிளம்புகிற சத்தம் போல விடாமல் கேட்கிறது என்றாள்.

மறுநாளே மருத்துவரிடம் போனோம். காது நரம்பில் கோளாறு, சிலருக்குக் காரணமே தெரியாமல் இப்படி வருவது உண்டு என்றார். மாத்திரை கொடுத்தார், ஊசி போட்டார், கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துத் திரும்பத் திரும்பச் சோதித்தார். கடைசியில், போனது இனித் திரும்பும் என்று நம்ப வேண்டாம், வலது காது நன்றாக இருக்கிறது, அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அக்கா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஆட்டோவில் நான்தான் அழுதேன்.

அப்போது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து சற்று உள்ளே தள்ளி நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் கணவர் ராணுவத்தில் வடக்கே இருந்தார். அக்கா கீழ்பென்னாத்தூரில் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை. தினமும் பஸ்ஸில் போய் வருவாள். போகும்போதும் வரும்போதும் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பது அவளுடைய வழக்கம். சின்ன வயதிலிருந்தே பாட்டு என்றால் அவளுக்கு உயிர். பாடமாட்டாள், கேட்பாள். கேட்பதையே ஒரு வேலை மாதிரி கவனமாகச் செய்வாள்.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், பஸ்ஸில் அவளுக்கு மிகவும் பிடித்த ஒரு பழைய பாட்டைப் போட்டிருக்கிறாள். அதில் பல்லவி முடிந்ததும் ஒரு புல்லாங்குழல் வரும். அன்றைக்கு அந்த இடத்தில் தாளம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது, குழல் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் இயர்போனின் இடது முனையை என் காதில் வைத்து அதே பாட்டைப் போட்டாள். எனக்குக் குழல் கேட்டது, கூடவே பாடுகிறவரின் குரல் லேசாக. பாட்டைப் பதிவு செய்யும்போதே சில வாத்தியங்களை ஒரு பக்கமும் சிலவற்றை இன்னொரு பக்கமும் பிரித்து வைப்பார்கள் என்று எனக்கு விளக்கினாள். வகுப்பில் பாடம் நடத்துகிற அதே குரலில்தான் சொன்னாள்.

"நல்லதெல்லாம் கேக்காத காதுக்குப் போவுதுடி" என்று கடைசியில் சொன்னாள். இயர்போனைச் சுருட்டி டிராயரில் வைத்தாள்.

அதன் பிறகு வீட்டில் பாட்டுச் சத்தமே இல்லை. வேறு சிக்கல்களும் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. ஒரு காது மட்டும் இருந்தால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாதாம். நான் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் அவள் வாசலுக்குப் போய்ப் பார்ப்பாள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டுமே அவளுக்குக் குழம்பிவிடும். சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில் இடது பக்கம் உட்கார்ந்த அத்தை ஏதோ கேட்டிருக்கிறார். அக்கா பதில் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவள் என்கிற தலைக்கனம் என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அப்போதும் அக்கா வாயைத் திறக்கவில்லை. பள்ளியிலும் யாரிடமும் காதைப் பற்றிச் சொல்லவில்லை. என்னையும் சொல்லக் கூடாது என்று தடுத்திருந்தாள்.

பல மாதங்கள் இப்படியே போயின. ஒரு சனிக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தவள், வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கலாம் என்று இருக்கிறேன் என்றாள். எனக்கு நம்பவே முடியவில்லை. அவள் இத்தனை நாளாகச் சும்மா இருக்கவில்லை, படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். போனில் மோனோ என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதை வைத்தால் இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒன்றாகக் கலந்து வரும் என்றாள். அப்படியானால் இயர்போனிலேயே கேட்கலாமே என்றேன். அதையும் அவள் சோதித்துப் பார்த்திருந்தாள். நல்ல காதை அடைத்துவிட்டால் கேட்காத காதின் இரைச்சல்தான் பெரிதாகிறது. காற்றில் வருகிற பாட்டு வேண்டும், வீட்டுக்குள் எங்கே நடந்தாலும் கூடவே வர வேண்டும், ஒயர் இழுத்துக்கொண்டு திரிய முடியாது. இதுதான் அவள் கணக்கு.

திருவண்ணாமலை டவுனில் பஸ் நிற்கிற சாலையிலேயே இருந்த ஒரு கடைக்குப் போனோம். விற்பனை செய்பவர் உற்சாகமானவர். எங்களை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பீக்கரை வைத்து, தரை அதிர்கிற மாதிரி ஒரு பாட்டைப் போட்டார். தியேட்டரில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் பாருங்கள் என்றார். அக்கா பாட்டு முடியும் வரை பொறுமையாக இருந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்விடலாம் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எனக்கு இடது காது கேக்காதுங்க. ஒரு காதுக்கு எது நல்லா இருக்கும்னு பாக்கணும். ரெண்டு வாங்கினாலும் ரெண்டுலயும் முழுப் பாட்டு வரணும். ஆளுக்குப் பாதி வரக் கூடாது" என்றாள்.

மருத்துவரைத் தவிர, வீட்டுக்கு வெளியே ஒரு மனிதரிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் திகைத்துப்போய் சாரி மேடம் என்றார். சாரி எதற்கு, கொஞ்சம் சத்தத்தைக் கம்மி பண்ணிக் காட்டுங்கள் என்று அக்கா அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். ஆனால் சாலையில் பஸ்ஸும் ஆட்டோவும் போட்ட ஹாரனில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடை எப்போது அமைதியாக இருக்கும் என்று கேட்டாள். காலையில் திறந்தவுடன் வாருங்கள், கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுப் போட்டுக்காட்டுகிறேன் என்றார் அவர்.

அடுத்த விடுமுறை நாளில் அப்படியே போனோம். அன்றைக்கு அக்கா ஸ்பீக்கர் தேர்ந்தெடுத்த விதத்தை நான் இன்றைக்கும் வியந்து சொல்வேன். ஒவ்வொன்றிலும் அதே பாட்டை, அதே மெல்லிய சத்தத்தில் போடச் சொன்னாள். எதிரே நின்று கேட்டாள், கடையின் கோடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு பாட்டு ஓடும்போதே என்னைப் பேசச் சொன்னாள். என்ன பேசுவது என்று தெரியாமல் நான் அன்றைக்குச் செய்யவேண்டிய குழம்பைப் பற்றிப் பேசினேன். விலை உயர்ந்த பெரிய ஸ்பீக்கரில் என் பேச்சு முழுவதும் அமுங்கிப்போயிற்று. அதை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டாள். உருளையாக, தண்ணீர்ச் செம்பு உயரத்தில் இருந்த ஒன்றில் பாட்டும் கேட்டது, கத்தரிக்காய் போடலாமா முருங்கைக்காய் போடலாமா என்று நான் கேட்டதும் அவளுக்குக் கேட்டது. முருங்கைக்காய் என்று பதில் சொன்னாள்.

எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்த அந்த விற்பனையாளர், தன் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு அந்த இரண்டு ஸ்பீக்கரையும் மாற்றி மாற்றிக் கேட்டார்.

"மேடம் சொல்றது கரெக்டுங்க. பெரிசுல பேஸ், அந்த அதிர்ற சத்தம், ஜாஸ்தி, குரலை முழுங்கிடுது" என்றார்.

உருளை வடிவ ஸ்பீக்கர் இரண்டை வாங்கிக்கொண்டு வந்தோம். ஒன்று ஹாலுக்கு, ஒன்று சமையலறைக்கு.

ஹால் ஸ்பீக்கர் உடனே வைஃபையில் சேர்ந்துகொண்டது. சமையலறை ஸ்பீக்கர் மட்டும் ஒளியைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது, போனில் அதன் பெயர் வரவில்லை. நான் இரண்டு மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள், திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். அக்கா அதனுடன் வந்த தாளை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டு வைஃபை இரண்டு பெயர்களில் வருகிறது, ஒன்று வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் வலுவிழந்துவிடும், இன்னொன்று மெதுவானது, தூரம் போகும் என்று கண்டுபிடித்தாள். போனையும் ஸ்பீக்கரையும் மெதுவான பெயருக்கு மாற்றியதும் சிமிட்டல் நின்றது. ஆனால் பாட்டு நடுநடுவே அறுந்தது. வைஃபை பெட்டி ஹாலில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. அதை வெளியே எடுத்துக் கதவுக்கு மேலே ஆணி அடித்து மாட்டினோம். அறுபடுவது நின்றது.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. முதலில் ஹால் ஸ்பீக்கரை நான் பீரோ மேல் வைத்தேன். பாட்டு தொடங்கியதும் பீரோக் கதவின் கண்ணாடி கிடுகிடுவென்று நடுங்கியது. இறக்கி, அறை மூலையில் அலமாரித் தட்டில் வைத்தேன். குடத்துக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் சேர்ந்து சத்தத்தைக் கனமாக்கிவிடும் என்றாள் அக்கா. மரஸ்டூல் ஒன்றைச் சுவரை ஒட்டாமல் போட்டு, அதன்மேல் துவாலையை மடித்துப் போட்டு, ஸ்பீக்கரை அதில் உட்காரவைத்தாள். பிறகு தன் நாற்காலியை இங்கும் அங்கும் இழுத்துப் போட்டு, வலது காது ஸ்பீக்கரைப் பார்க்கிற மாதிரி ஓர் இடத்தில் நிறுத்தினாள். நான் பொருள்களைத் தூக்கிக்கொண்டு அவள் சொன்ன பக்கமெல்லாம் நடந்தேன். மதியச் சாப்பாட்டை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பழைய பாட்டைப் போட்டாள். பல்லவி முடிந்தது. குழல் வந்தது. அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள், அங்கேயும் அதே குழல். மறுபடி ஹாலுக்கு வந்தாள். பாட்டு முடியும் வரை இரண்டு அறைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, வயிறு பசிக்கிறது, தோசை ஊற்று என்றாள். அவ்வளவு மாதங்களில் அவளாகப் பசிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த சொந்தக்காரர்கள் நடந்து முடித்துவிட்டுக் கால் ஆற எங்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். கல்யாணத்தில் கோபித்துக்கொண்ட அத்தையும் வந்திருந்தார். அக்கா ஸ்பீக்கரை நிறுத்தினாள். அத்தையின் கையைப் பிடித்து எழுப்பித் தன் வலது பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"அத்தே, எனக்கு அந்தப் பக்கம் காது போயிடுச்சு. அன்னிக்கு நீங்க பேசினது கேக்கலை. இனிமே இந்தப் பக்கமே உக்காந்து பேசுங்க" என்றாள்.

அத்தை அக்காவின் இடது காதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டார். சொல்ல வரவில்லை, இப்போது வருகிறது என்றாள் அக்கா. அன்றைக்கு அத்தை கிளம்பும்வரை அந்த நாற்காலியை விட்டு எழவே இல்லை.

பள்ளியிலும் சொல்லிவிட்டாள். ஆசிரியர் அறையில் மற்றவர்கள் எல்லோரும் தனக்கு வலது பக்கம் வருகிற மாதிரி இடது சுவரோர மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வகுப்பில் கரும்பலகைக்கு நடுவே நிற்பதை விட்டுவிட்டு, பிள்ளைகள் வலப்பக்கம் வருகிற மாதிரி ஓரமாக நின்று பாடம் நடத்துகிறாள். எனக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள், கோபித்துக்கொள்ளமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாளாம். இடது காது திரும்பவில்லை. இரைச்சலும் போகவில்லை. மெல்லிய பாட்டு ஓடினால் கொஞ்சம் அடங்கியிருக்கிறது என்கிறாள்.

போன மாதம் அவளுடன் வேலை செய்கிற ஓர் ஆசிரியை, தன் மாமனாருக்கு இரண்டு காதும் மந்தம், டிவியை அலறவிடுகிறார், வீட்டில் யாரும் பேசவே முடியவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறார். அக்கா ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினாள். நானும் கூடப் போனேன். டிவிச் சத்தம் வருகிற மாதிரி ஒரு சின்ன ஸ்பீக்கரை அந்தப் பெரியவரின் கட்டில் பக்கத்திலேயே வைத்து, டிவியின் சொந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டாள். அவர் செய்தியைக் கேட்டுக்கொண்டே தலையாட்டினார். அக்கா இரண்டடி தள்ளிப் போய் நின்று, அவர் மருமகளைச் சாதாரணக் குரலில் பேசச் சொல்லி, வலது காதைத் திருப்பிக் கேட்டாள். திருப்தி வராமல் ஸ்பீக்கரை இன்னும் ஒரு ஜாண் அவர் தலைமாட்டுப் பக்கம் தள்ளி வைத்தாள்.