ஹரோவில் பாதிரியாருக்குச் சந்தனப் பொட்டு

லண்டன், ஹரோவில் ஒரு தேவாலய மண்டபம். எங்கள் பழைய மாணவர் சங்கக் கூட்டம். கதிரைகள் நூற்றிருபது, வந்திருப்பவர்கள் முப்பத்தெட்டுப் பேர். யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தைத் தொடங்கிய அமெரிக்கப் பாதிரியாரைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் அங்கேயே படித்து, அங்கேயே படிப்பித்தவன்.

மேடையில் பாதிரியாரின் படம். அதற்குக் கார்னேஷன் மாலை, நெற்றிக்கு நேரே கண்ணாடியில் சந்தனப் பொட்டு, முன்னால் ஐந்து திரி போட்ட குத்துவிளக்கு, மூன்று ஊதுபத்தி. உருவங்களை வணங்குவது பாவம் என்று வாழ்நாளெல்லாம் பிரசங்கித்த மனிதர் அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சங்கச் செயலாளர் என்னிடம் படித்தவர். நெற்றி நிறையத் திருநீறு. அவரைக் கூப்பிடுகிறேன்.

"பொட்டையாவது துடையும். இவர் பாதிரியார், பிள்ளையார் இல்லை."

"செத்தவரின்ரை படத்தை வெறுமனே வைச்சால் சனம் என்ன சொல்லும், மாஸ்டர்?"

"அவருக்கு இது பிடிக்காது."

"என்ரை பூட்டன் திருநீறு பூசிக்கொண்டுதான் அவரிட்டைப் படிச்சவர். அதுவும் அவருக்குப் பிடிக்கேல்லைத்தான். ஆனா, அழிச்சுப்போட்டு வா எண்டு ஒருநாளும் சொல்லேல்லையாம். நீங்கள்தான் அழிக்கச் சொல்லுறியள்."

அதற்குள் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். நான் எழுதி வந்த உரையின் முதல் பக்கம் முழுவதும், பாதிரியார் உருவ வழிபாட்டை எப்படிச் சாடினார் என்பதுதான். அதை மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, எரிச்சல் அடங்காமலே, செயலாளரின் பூட்டனிலிருந்து பேசத் தொடங்குகிறேன்.