பெரியசாமி சார் சொன்ன ஒரே பொய்

1. குழாய் எங்கே?

ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணித ஆசிரியையாக நான் சேர்ந்த முதல் நாள். பஸ்ஸைவிட்டு இறங்கி ஏற்றம் ஏறி வந்ததில் நாக்கு வறண்டுபோயிருந்தது. ஸ்டாஃப் ரூமில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார்.

"சார், தண்ணிக் குழாய் எங்க இருக்கு?"

"நல்ல கேள்வி டீச்சர். உக்காருங்க," என்றார். "இந்த மலையில கோப்பி போட்ட காலத்துல குழாயே கிடையாது..."

கோப்பி அழிந்து, தேயிலை வந்து, துரை பங்களாவுக்குப் பீலியில் ஓடைத் தண்ணீர் இழுத்து, அதிலிருந்து தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குத் தண்ணீர் பிரிந்து, கடைசியில் பாடசாலைக்குக் குழாய் வந்து சேர்வதற்குள் முதல் பீரியட் மணி அடித்துவிட்டது. தாகத்தோடு வகுப்புக்குப் போனேன். குழாய் அவர் முதுகுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியிலேயே இருந்திருக்கிறது, பாவி மனுஷர்!

அவர்தான் எங்கள் வரலாற்று ஆசிரியர் பெரியசாமி சார். போன மாதம் காலமாகிவிட்டார். புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களுக்காக அவரைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி பாடசாலையின் இப்போதைய அதிபர் கேட்டார். "சுருக்கமா இருந்தா போதும் டீச்சர்" என்றும் சொன்னார். பெரியசாமி சாரைப் பற்றிச் சுருக்கமாகவா! முயன்று பார்க்கிறேன்.

2. விடுமுறை இல்லாத ஞாயிறு

சாரை ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் பார்த்தவர்கள் கிடையாது. ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு, அடையாள அட்டை இல்லாத கிழவிகளைக் கூட்டிக்கொண்டு பதுளைக் கச்சேரி அலுவலகத்துக்கு அலைச்சல், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் மரண உதவிச் சங்கத்து நாற்காலிகளோடு முதல் ஆளாகப் போய் நிற்பது என்று ஓடிக்கொண்டே இருப்பார். அவர் மனைவி ஒருநாள் என்னிடம் சொன்னார்: "ஊருக்கெல்லாம் சொந்தக்காரரு டீச்சர், எனக்கு மட்டும் விருந்தாளி."

இரத்ததான முகாம் நடத்துவார். இரத்தம் கொடுத்தவர்களைக் கொஞ்ச நேரம் படுக்க வைப்பார்கள் அல்லவா? சாருக்கு அது போதும், பக்கத்தில் நாற்காலியைப் போட்டு ஆரம்பித்துவிடுவார். "ஊசி கூட வலிக்கல, படுத்திருக்கையிலதான் உயிரு போச்சு" என்று பையன்கள் சிரிப்பார்கள். இருந்தும் அடுத்த முகாமுக்கு அவர்களேதான் வருவார்கள்.

பேச்சு நீளமே தவிர, அதில் பொய் ஒரு சொட்டு இருக்காது. "அரசன் நல்லவன்" என்று பிள்ளை எழுதினால் சிவப்புப் பேனாவில் "ஆதாரம்?" என்று போட்டு மார்க்கைக் குறைப்பார். காலையில் பிந்தி வந்தால் நாங்கள் எல்லோரும் "பஸ் லேட் சார்" என்று அதிபரிடம் சொல்வோம். இவர் மட்டும் "தூங்கிட்டேன் சார், பஸ் நேரத்துக்குத்தான் வந்துச்சு" என்பார். அதே பஸ்ஸில்தான் நாங்களும் வரவேண்டும். அவரால் எத்தனை தடவை மாட்டிக்கொண்டிருக்கிறோம்!

3. காப்புக் கட்டிய பிறகு

ஒரு தை மாதம் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சார் அப்போது அனர்த்தக் குழுவிலும் தொண்டர். மழைமானியைப் பார்த்து அளவு சொல்வது அவர் வேலை. பணிய லயத்துக்குப் பின்னால் மேட்டில் வெடிப்பு ஒன்று விட்டிருப்பதையும் அவர்தான் முதலில் கண்டார். கீழே இருக்கிற லயத்தை இங்கே பணிய லயம் என்போம். மண்சரிவு எச்சரிக்கை வந்தது. கிராம சேவகர் லயத்துக்குப் போய், எல்லோரும் பாடசாலை மண்டபத்துக்குப் போகும்படி சத்தம் போட்டுவிட்டு அடுத்த தோட்டத்துக்கு ஓடினார். ஆனால் ஒருவரும் அசையவில்லை.

காரணம் அம்மன் திருவிழா. காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. எல்லை என்றால் ஆறு. பாடசாலை இருப்பதோ ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், எல்லைக்கு வெளியே.

மண்டபத்துச் சாவி என்னிடம் இருந்தது. எத்தனை பேர் வருவார்கள் என்று பார்க்க நானும் சாரோடு போனேன். கோயில் கமிட்டித் தலைவர் கருப்பையா, சாரின் பழைய மாணவர்தான், கையில் மஞ்சள் கயிற்றோடு வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் கைக்குழந்தைகளோடு பெண்கள். மேட்டிலிருந்து செம்மண் தண்ணீர் காம்பரா அறைகளுக்குள் வந்துகொண்டிருந்தது.

"காப்புக் கட்டிட்டு எப்புடி சார் எல்லை தாண்டுறது? ஆத்தா பொறுக்க மாட்டா. நாளைக்குப் புள்ளைகளுக்கு ஒண்ணுன்னா நீங்களா பதில் சொல்வீங்க?"

சார் இப்போது கோப்பிக் காலத்தில் ஆரம்பித்தால் விடிந்துவிடும், மேடும் இறங்கிவிடும் என்று நினைத்தேன். சார் ஒரு தரம் மேட்டைப் பார்த்தார்.

"கருப்பையா, பழைய எல்லைக்கல்லு பள்ளிக்கூடத்துக்கு அங்கிட்டு இருந்துச்சு. பள்ளிக்கூடம் ஆத்தா எல்லைக்குள்ளதான். கிளம்புங்க."

அவ்வளவுதான். மீதியை எதிர்பார்த்து நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தத் துரை, எந்தக் கங்காணி, ஒன்றும் வரவில்லை. கருப்பையாவும் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, "ஆத்தாவக் கும்புட்டுட்டுப் புள்ளைகளத் தூக்குங்க!" என்று கத்தினார்.

மறுநாள் காலையில் மேடு இறங்கியது. லயத்தில் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. உள்ளே ஒரு உயிர் கூட இல்லை. மண்டபத்தில் பிள்ளைகள் பாணும் சம்பலும் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்துக் கதவருகில் நின்று அழுதேன்.

4. பெரட்டுக் களத்தில்

ஊரே சாரைக் கொண்டாடியது. அவரோ ஸ்டாஃப் ரூமில் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்."

"உசுரு தப்பிச்சிருக்கு சார். பேசாம இருங்க."

"காப்ப நம்பி இருந்தவங்கள ஏமாத்திட்டேனே. அது அவங்க சாமி விசயம்."

அந்த வருஷம் முழுக்க அவர் பட்ட பாடு இருக்கிறதே! அப்படி ஒரு கல் நிஜமாகவே எங்காவது இருந்திருக்காதா என்று லுணுகலை வரைக்கும் போய்ப் பழைய ஆட்களை விசாரித்தார். தோட்டத்துப் பழைய வரைபடங்களைப் புரட்டினார். பாடசாலைக்குப் பின்னால் புல் வெட்டும்போதெல்லாம் போய் நின்று பார்ப்பார். "பொய்யச் சொல்லிட்டு அதுக்கு ஆதாரம் தேடுற ஒரே ஆளு நீங்கதான் சார்" என்று கேலி செய்தேன். சிரிக்கவில்லை.

அடுத்த தையில், திருவிழாவுக்கு நாள் குறிக்க, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடினார்கள். வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொல்லியும் சார் எழுந்து நின்றார். நடந்தது தெய்வக் குற்றம் என்று யாராவது கிளப்பிவிட்டால், இத்தனை வருஷம் அந்தச் சனங்களிடம் சம்பாதித்த மரியாதை ஒரு நிமிஷத்தில் போய்விடும்.

"போன வருசம் எல்லைக்கல்லுன்னு ஒண்ணு சொன்னேன். அப்படி ஒரு கல்லே இல்ல. நான் சொன்னது பொய். என்னய மன்னிச்சிருங்க."

கருப்பையா தலையைச் சொறிந்தார்.

"அது எங்களுக்கு அன்னைக்கே தெரியுமே சார்."

"எப்புடிய்யா?"

"நெசமா இருந்தா கோப்பிக் காலத்துல ஆரம்பிச்சிருப்பீங்களே! ஒரே வரியில முடிச்சிட்டீங்க."

களமே சிரித்தது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "தெரிஞ்சா பின்ன ஏன்யா வந்தீங்க?" என்று கேட்டார்.

கருப்பையாவின் குரல் மாறிவிட்டது.

"பஸ் லேட்டுன்னு கூடப் பொய் சொல்ல வராத மனுசன் நீங்க. நீங்களே பொய் சொல்றீங்கன்னா மேடு நிச்சயமா எறங்கப் போகுதுன்னு புரிஞ்சிருச்சு. அதான் சார் புள்ளைகளத் தூக்குனோம்."

சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். அவ்வளவு பேர் கூடியிருந்த ஓரிடத்தில் பெரியசாமி சார் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

புதிதாக வந்திருக்கும் சார்மாரே, டீச்சர்மாரே, நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். கருப்பையா வரலாற்றுப் பாடத்தில் ஒரு தடவை கூடப் பாஸ் ஆனவரில்லை. அரசர்களையும் போர்களையும் அவர் தலையில் ஏற்ற சார் பட்ட பாடெல்லாம் வீண்தான். ஆனால் கரும்பலகைக்கு முன்னால் நின்ற மனிதரை அவர் சரியாகக் கவனித்து வைத்திருந்தார். இன்றைக்கு அந்த லயத்துப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.