ஓசூரில் ஐந்து வேளைச் சாப்பாடு

காலை 9.40. விடியுமுன் சேலத்தில் ஏறிய பேருந்து ஓசூர் நிலையத்தில் என்னை இறக்கிவிட்டது. கட்டணம் நூற்றைம்பது ரூபாய். வேலை தேடியும் நேர்காணலுக்கும் இந்த ஊருக்கு வருகிறவர்களின் பையில் அதிகப் பணம் இருக்காது. அவர்களுக்குப் பயன்படட்டும் என்று, இரண்டு நாளில் நான் எங்கே சாப்பிட்டேன், என்ன விலை என்று எழுதுகிறேன். நான் வந்தது அதற்காக மட்டும் இல்லை. இங்கே ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

நிலையத்துக்குப் பின்தெருவில் தட்டு இட்லிக் கடை. பரிமாறுபவர் என்னைப் பார்த்து முதலில் தெலுங்கில் கேட்டார், பிறகு கன்னடத்தில். நான் விழித்தேன்.

“தமிழா? முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா, வாய் வலிக்குது” என்றார்.

உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு இட்லி, கெட்டிச் சட்னி, நாற்பது ரூபாய். மதியம் வரை தாங்கும்.

பகல் 12.45. நகரப் பேருந்தில் தொழிற்பேட்டைக்குப் போனேன். கடைசி நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் தகரக் கூரை போட்ட சாதிக் பாய் மெஸ். ஆறு பெஞ்சு. சாப்பாடு எழுபது, முட்டை பதினைந்து. முதல் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும் என்பதால் ஒன்றரைக்குள் வருவது நல்லது. பிறகு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள், நிற்க இடமிருக்காது.

சாதிக்குக்கு ஐம்பது வயதிருக்கும். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“பெருசு, எந்தக் கம்பெனி செக்யூரிட்டி?” என்றார். இங்கே என் வயதுக்காரர்கள் பலருக்கு அதுதான் வேலை.

பக்கத்திலிருந்த தொழிலாளி, “பாய், இவரை கேட்ல போட்டா கேட்டையே தூக்கிட்டுப் போயிடுவாங்க” என்றார். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். இரண்டாம் முறை சோறு வாங்கவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் நான் பணியாளர் அதிகாரி. நிரந்தரத் தொழிலாளிக்கு நீலச் சட்டை, ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சாம்பல் சட்டை. கேன்டீனில் நீலத்துக்குப் பன்னிரண்டு மணி. சாம்பலுக்குப் பன்னிரண்டே முக்கால், மிஞ்சியது மட்டும். பொரியலும் மோரும் அநேகமாக மிஞ்சாது. ஒப்பந்தத் தொழிலாளியான சாதிக் ஒருநாள் யாருடைய நீலச் சட்டையையோ போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நான் அடையாள அட்டை கேட்டேன். இருநூறு பேர் பார்க்க, தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்திருக்கச் சொன்னேன். கையைக் கழுவக்கூட விடாமல் கேட்டுக்கு அனுப்பினேன். அன்றைக்கே வேலை போயிற்று. விதியைக் காப்பாற்றியதாக வீட்டில் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள்.

சென்ற ஆண்டு அவள் இறந்தாள். இப்போது கேரியர் சாப்பாடு வருகிறது, தனியாகச் சாப்பிடுகிறேன். ஒவ்வொரு வேளையும் அந்தப் பாதித் தட்டு நினைவுக்கு வருகிறது. பழைய சக ஊழியர் ஒருவர்தான் இந்த மெஸ்ஸைப் பற்றிச் சொன்னார்.

அந்த முதல் நாள் மெஸ்ஸிலிருந்து மன்னிப்புக் கேட்காமலேயே எழுந்து வந்துவிட்டேன்.

மாலை 7.00. பாகலூர் சாலையில் ராகிக் களி, கீரைக் குழம்பு, ஐம்பது ரூபாய். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும். எதிரே வடமாநில இளைஞர் ஒருவர் கைபேசியில் தன் வீட்டாருக்குத் தட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஒரு பெண் சிரிப்பது கேட்டது. நான் சீக்கிரம் சாப்பிட்டு முடித்தேன். விடுதி அறை அறுநூறு ரூபாய்.

மறுநாள் காலை 8.00. டீயும் பன்னும், இருபத்தைந்து ரூபாய். அதற்கு மேல் பசிக்கவில்லை.

பகல் 12.20. மெஸ்ஸில் இன்னும் கூட்டம் வரவில்லை. சாதிக் சாம்பார் ஊற்ற வந்தார்.

“பாய், நான் செக்யூரிட்டி இல்ல. கேன்டீன்ல உங்களைச் சாப்பாட்டுலேர்ந்து எழுப்புனவன் நான்தான்.”

கரண்டி அப்படியே நின்றது. “ரகுராமன் சாரா? மீசை இருந்துச்சே?”

“எடுத்துட்டேன். மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன், பாய்.”

அவர் சாம்பாரை ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். “என்னை விடுங்க சார். நாலு நாள் அழுதேன், அப்புறம் அடுப்பு வெச்சேன். இப்ப தினம் நூறு பேருக்குச் சோறு போடறேன். அன்னைக்கு நான் போட்டிருந்தது யாரு சட்டைன்னு தெரியுங்களா?”

தெரியவில்லை.

“முனிராஜோடது. சூளகிரிப் பக்கம், விவசாயக் குடும்பம். எனக்கு மோர்னா உசுருன்னு அவன்தான் சட்டையைக் கழட்டிக் குடுத்தான். அடுத்த வாரம் அவனையும் அனுப்பிட்டீங்க. பர்மனென்ட் மாப்பிள்ளைன்னு பொண்ணு குடுக்க இருந்தவங்க விலகிட்டாங்கோ. அதோட கல்யாணமே வேணாம்னுட்டான். ஒண்டியா பொங்கித் தின்னுட்டுக் கெடக்கறான். மன்னிப்புன்னா அவன்கிட்ட கேளுங்க.”

அந்த உத்தரவிலும் என் கையெழுத்துத்தான் இருந்திருக்கும். எனக்கு நினைவே இல்லை. எவ்வளவு முயன்றும் முனிராஜின் முகம் மனதில் வரவில்லை.

“ஒரு போன் பண்ணிச் சொல்றீங்களா?” என்று கேட்டேன்.

“பண்ணுனா வராதேன்னுடுவான். நேரா போங்க. பகல்ல சாப்பிட மாட்டான், ஒரு பார்சல் கட்டித் தரேன்.” கட்டிக்கொண்டே சொன்னார்: “உங்களதும் சேத்து ரெண்டு சாப்பாடு, நூத்தி நாப்பது. சும்மா குடுப்பேன்னு பாத்தீங்களா?”

கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. பார்சலில் மோர்ப் பாக்கெட் ஒன்றைக் கூடுதலாக வைத்தார்.

மதியம் 2.50. ஓசூரிலிருந்து சூளகிரி இருபத்தைந்து கிலோமீட்டர், முப்பது ரூபாய். அங்கிருந்து ஆட்டோவுக்கு எண்பது. ஓட்டுநர், “முனிராஜ் வூட்டுக்கா? அவரு வூட்டுக்கு யாரும் வர மாட்டாங்களே, நீங்க சொந்தமா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

கொத்தமல்லி வயலில் ஒருவர் குனிந்து கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, “யாரு வேணுங்க?” என்றார்.

“முனிராஜ்.”

“நான்தான்.”

முகம் எனக்கு முற்றிலும் புதிதாக இருந்தது. நரைத்த தாடி, வெயிலில் சுருங்கிய கண்கள். என் பெயரையும், அப்போது வகித்த பதவியையும், வந்த காரணத்தையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். பார்சலை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. போகவும் சொல்லவில்லை. குனிந்து அடுத்த கட்டைக் கட்ட ஆரம்பித்தார். சேலத்துக்கு இரவு வரை பேருந்து உண்டு. நான் வரப்பிலேயே நின்றேன்.