நான்கு ஷாக் அப்சர்பர்களும் மைமூனின் வயிறும்

போன வாரம் என் காரில் இருந்த எலெக்ட்ரானிக் ஷாக் அப்சர்பர்கள் நான்கையும் கழற்றிவிட்டு, சாதா ஷாக் அப்சர்பர்களை மாட்டிக்கொண்டேன். "ஸ்போர்ட்ஸ் காருக்கு இப்படி ஒரு துரோகமா?" என்கிறார்கள் நண்பர்கள். சொல்லட்டும். பாவம், அவர்களுக்கு மைமூனைத் தெரியாது!

ரிட்டயர் ஆனதும் நானும் என் மனைவி வசந்தாவும் ஊர் சுற்றலாம் என்று செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் அது. பட்டனைத் தட்டினால் ஷாக் அப்சர்பர் இளகும். மறுபடி தட்டினால் இறுகும். என்ன ஒரு ஜம்பம்! சென்ற வருடம் அந்த எலெக்ட்ரானிக்ஸ் மண்டையைப் போட்டது. அன்றிலிருந்து ஒரே இறுக்கம்தான். சேலத்தில் ஒரு ஸ்பீட் பிரேக்கரில் வசந்தாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டு, இரண்டு வாரம் படுக்கை.

எழுந்ததும் சொல்லிவிட்டாள் – இனி இந்தக் காரில் கால் வைக்க மாட்டேன், விற்றுவிடுங்கள் என்று. பக்கத்து சீட்டில் அவள் இல்லாமல் எனக்கு எதற்குக் கார்? கோவைக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடு. ஆனாலும் மனசு கேட்கவில்லை... அதற்குள் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்க்க நினைத்தேன்.

ஷோரூமில் கேட்டால், பார்ட்ஸ் வெளிநாட்டிலிருந்து வர மாசக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஏற்காட்டில் காதர் பாயைக் கேட்கச் சொன்னார் ஒரு நண்பர். எஸ்டேட் ஜீப்புகளுக்கு வைத்தியம் பார்ப்பவருக்கு ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி என்ன தெரியும்? அரை மனசோடுதான் போனேன்.

மனுஷர் அசரவில்லை. இதே காரின் சாதா மாடலில் எலெக்ட்ரானிக்ஸ் கிடையாதாம். அதன் ஷாக் அப்சர்பர் இதில் கச்சிதமாக உட்காருமாம். நாலே நாளில் வரவழைத்து மாட்டிவிட்டார். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியாமலிருக்கவும் ஏதோ குட்டிக் கருவியைச் செருகினார். வேலை முடிந்ததே என்று சாவிக்குக் கை நீட்டினேன். தரவில்லை.

"கொஞ்சம் இருங்க சார். மைமூன் வந்து உக்காரட்டும்."

மைமூன் அவருடைய மனைவி. ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்திலேயே மிளகு, காபித்தூள் கடை வைத்திருக்கிறார். மலையிறக்கம் அவருக்கு ஆகவே ஆகாது. பஸ்ஸோ, ஜீப்போ – மூன்றாவது வளைவைத் தாண்டுவதற்குள் வாந்தி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக இதே கதைதான். அதனால் காதர் பாய் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஷாக் அப்சர்பர் மாற்றிய எந்த வண்டியும் மைமூனின் வயிறு சரி என்று சொல்லாமல் வெளியே போகாது.

வாந்தியை வைத்தா வண்டியைச் சோதிப்பது? உள்ளுக்குள் சிரித்தேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

மைமூன் கடைக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கவரோடு ஆபீசுக்குப் போகிறவர் மாதிரி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் சீட் என்ற பெயரில் இருந்த பொந்தில் நான் மடங்கிக்கொண்டேன். பாய் ஓட்ட, வண்டி சேலம் ரோட்டில் இறங்கியது. மைமூன் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் கையைத் தூக்கினார். ஐயோ, ஆச்சு என்று நினைத்தேன்.

"ஏனுங்க... பின்னாடி எடது பக்கம் மட்டும் முறுக்கிக்கிட்டு நிக்குதுங்க. மத்த மூணும் நொம்ப நல்லா இருக்குது."

பாய் உடனே வண்டியைத் திருப்பி ஒர்க்‌ஷாப்பில் விட்டு, அடியில் புகுந்தார். கீழ் போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போதுதான் முறுக்க வேண்டுமாம். ஜாக்கியில் தூக்கிய நிலையிலேயே முறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் திருகிக்கொள்ளும். மூன்றைச் சரியாகச் செய்தவர் ஒன்றை மறந்திருக்கிறார். பின்பக்கம், இடதுபக்கம்!

எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தச் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருந்தவன் நான். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. எத்தனை சென்சார் வைத்தால் இந்த அம்மாவுக்கு ஈடாகும்?

போல்ட்டைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி முறுக்கிவிட்டு மறுபடி கிளம்பினோம். மூன்றாவது வளைவு போனது. நாலு... ஐந்து... கை எழவில்லை. பத்தாவது வளைவில் அவர் கையிலிருந்த கவர் நழுவிக் கீழே விழுந்தது. எட்டிப் பார்த்தேன். தலை கண்ணாடியில் சாய்ந்திருக்கிறது. மைமூன் தூங்கிவிட்டார்!

காதர் பாய் மனைவியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் லேசாகத் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இத்தன வருசத்துல எறக்கத்துல இவ தூங்கி நான் பாத்ததே இல்லீங்க சார்."

அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். அவர் திரும்பவில்லை. மீதி வளைவு எல்லாவற்றிலும், தொட்டிலை ஆட்டுகிற பதத்தில் வண்டியை இறக்கினார். அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தியதும் மைமூன் கண் விழித்தார்.

"ஏனுங்க, இன்னும் கெளம்பலீங்களா?"

நான் வண்டியிலிருந்து இறங்கிப் போய், வசந்தாவுக்குப் போன் போட்டேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"நிஜமாவே தூங்கிட்டாங்களா?"

ஆமாம் என்றேன்.

"அந்தக் கோயமுத்தூர்க்காரரை வர வேண்டாம்னு சொல்லிடுங்க."