திருப்பி ஓட்டிய புகை

கல்யாண வீடியோவில் புகை போடுவது சமையல்காரர் வேலையைவிட மோசம். அவருக்கு விழும் திட்டு பந்தியோடு முடிந்துவிடும், நமக்கு சிடி தேயும்வரை. ரெண்டரிங் கோடு நகருமா என்று கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டே கிடந்த பாவிகளுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. நான் பத்தாவது ஃபெயில். கும்மிடிப்பூண்டி பஜாரில் காதர் பாய் ஸ்டுடியோவில் எடிட்டிங்.

ஓசிப் புகை

எங்களிடம் இருந்தது ஒரே புகை. ஒரு இரும்பு உருக்கும் கம்பெனி கேட்டுக்கு எதிரே நின்று பாய் பிடித்தது. மேலே ஏறினால் அடுப்படி மாதிரி இருக்கும். திருப்பி ஓட்டினால் பனி மாதிரி இறங்கும். அதனால் திருப்பித்தான் ஓட்டுவோம். பொண்ணும் மாப்பிள்ளையும் மேகத்தில் நிற்பார்கள். அந்தப் புகைக்குள் நிழலாக ஒரு ஆள் தெரிந்தான். பாயிடம் காட்டினேன்.

"எவன்டா பொகையப் பாக்குறான்? பொண்ணு நகையத்தான் பாப்பான். போடு."

பெரியபாளையத்து மாப்பிள்ளை

பார்த்தார்கள். பெரியபாளையத்து மாப்பிள்ளை ஒருத்தர் சிடியோடு வந்து நின்றார். தாலி கட்டும்போது மேடைக்குப் பின்னால் ஒருத்தர் வருகிறாராம். கல்யாணத்துக்கு முன்பே செத்துப்போன மாமனாராம். "அது கம்பெனிப் புகை சார்" என்று சொல்லிக்கொண்டே நானும் உற்றுப் பார்த்தேன். மாப்பிள்ளைக்கு வேறு கவலை.

"செத்தவரு வந்தாக்கூட பரவால்லபா. இன்னாத்துக்கு முதுகக் காட்டிக்கினே வராரு?"

கவரைப்பேட்டை அக்கா

தங்கச்சி கல்யாண சிடியில் தன் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு வந்தவர் இந்த அக்கா. வீட்டுக்காரருக்கு அந்த இரும்புக் கம்பெனியில்தான் வேலை. ஒருநாள் ஷிப்டுக்குப் போனவர் திரும்பவேயில்லை. வேலை முடிந்து வெளியே போய்விட்டார் என்று கம்பெனியில் கைகழுவிவிட்டார்கள். அன்றிலிருந்து அக்கா ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தேடுகிறார்.

"தொங்குன தோளப் பாரு, அவருதான். அந்த நீள வார் பை புச்சு. காணாமப் போன அன்னிக்குத்தான் மொத தபா எடுத்துக்கினு போனாரு. முதுகு தெரிஞ்சா இன்னா, வெளியதான வராரு? அப்ப எங்கியோ இருக்காரு."

பாய் டீ குடிக்கப் போகிறவர்போல எழுந்து போய்விட்டார். எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க வராது. "அக்கா, நாங்க இத திருப்பி ஓட்டிருக்கோம்" என்று சொல்லி, நேராக ஓட்டிக் காட்டினேன். புகை மேலே ஏறியது. அவர் கேட்டைத் தாண்டி உள்ளே போனார். புகை மூடியது. கிளிப் முடியும்வரை யாரும் வெளியே வரவில்லை.

அக்கா அழவில்லை. திரையில் அவர் மறைந்த இடத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நீ மொதல்ல போட்டா மாதிரியே ஒரு சிடி போட்டுக் குடு தம்பி."

போட்டுக் கொடுத்தேன், என் எஃபெக்டை மாற்றாமல் அப்படியே வேண்டும் என்று கேட்ட ஒரே கஸ்டமர் அவர்தான்.